கீழைத்தேச யுத்தத்தின் இறுதிக் கட்டமும் கனடியப் போர்வீரரும்

"இறுதி யுத்தம்" என்னுஞ் சொற்றொடரை வன்னிநாட்டில் இன்று எவர் உச்சரித்தாலும், கேட்போர் மனம் 2009ஆம் ஆண்டிற்கே செல்லும். புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்னும் ஊர்ப்பெயர்கள் உடன் வந்து நிற்கும். அந்நினைவு இவ்விதழை வாசிப்போரிற் பலருக்கு ஏட்டுக் கல்வியன்று. இக்கட்டுரை அதனைப் பற்றியதன்று. அதற்கு அறுபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் முடிவெய்திய வேறொரு யுத்தத்தின் இறுதிக் கட்டத்தைப் பற்றியது. அந்த யுத்தத்தில் வன்னிக்கும் ஒரு பங்கு இருந்தது. கனடாவிற்கும் ஒரு பங்கு இருந்தது. இரண்டும் சந்தித்த இடங்களுள் ஒன்று வவுனியாவின் காட்டு நடுவே வெட்டப்பட்ட ஒரு விமான ஓடுபாதை. இவ்விரு பங்குகளும் பொதுவான யுத்த வரலாறுகளிற் பெரும்பாலும் இடம்பெறாமைக்குக் காரணம் யாது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

இன்று வன்னியிற் கனடாவில் உறவினர் இல்லாத ஊர் அரிது. அங்கிருந்து வரும் கடிதமும் காசும் கலியாண அழைப்பும் எமக்குப் பழகிப்போயின. எனினும் எம்மவர் கனடாவை அறியுமுன்னரே கனடிய இளைஞர் சிலர் வன்னியை அறிந்திருந்தனர். அதன் வெயிலையும், குளங்களையும், நுளம்பையும், மலேரியாக் காய்ச்சலையும் அவர்கள் அறிந்திருந்தனர்.

ஒரு தேசத்துப் போர்வீரரின் பங்கு வரலாற்றில் எவ்வாறு நிலைபெறுகின்றது என்பதற்கு முதலாம் உலக மகாயுத்தத்திலிருந்தே ஒரு சான்று காட்டலாம். 1918 ஆகஸ்ட் 8ஆம் நாள் பிரான்சு தேசத்து அமியேன் நகரின் அருகே தொடங்கிய நேசநாடுகளின் தாக்குதல், நவம்பர் 11ஆம் நாள் யுத்த நிறுத்தத்தோடு முடிவடைந்தது. இடைப்பட்ட நாள்களைக் கனடிய வரலாற்றாசிரியர் "கனடாவின் நூறு நாள்கள்" என்றே வழங்குவர். நான்கு டிவிசன்கள் கொண்ட கனடியச் சேனை முதல் நாளிலேயே எட்டு மைல் வரை முன்னேறியது. பின்னர் துரோக்கூர்-கேயான் அரணையும், வடகால்வாயையும், கம்பிரே நகரையும் கடந்து, யுத்தத்தின் கடைசிக் காலையில் பெல்ஜியத்து மொன்ஸ் நகரினுட் புகுந்தது. அந்நூறு நாள்களில் இறந்தோரும் காயமுற்றோருமாக அச்சேனை இழந்தோர் ஏறத்தாழ 45,000 பேர். மொன்ஸ் அருகே ஜோர்ஜ் பிரைஸ் என்னுஞ் சிப்பாய் யுத்த நிறுத்தத்திற்கு இரண்டே நிமிடம் இருக்கையிற் சுடப்பட்டு மாண்டான். சேனாபதியாயிருந்த சேர் ஆதர் கறி யுத்தத்திற்கு முன்னர்ப் பாடசாலை ஆசிரியராயிருந்து, பின்னர்க் காணி விற்பனையில் ஈடுபட்டவர். எம்போன்ற ஆசிரியர்க்கு இச்செய்தி ஓர் ஆறுதல்.

கறி செய்த காரியங்களுள் எமது விடயத்திற்கு இன்றியமையாதது ஒன்றுண்டு. 1918 வசந்தத்தில் யேர்மனியர் பெருந் தாக்குதல் தொடுத்தபோது, கனடிய டிவிசன்களைப் பிரித்துப் பிரித்தானியச் சேனைகளுக்கிடையே பங்கிட முயன்றனர். கறி அதனை வன்மையாக எதிர்த்தார். நால்வரும் ஒன்றாகவே நிற்க வேண்டும், ஒரே பெயரின் கீழ்ப் பொருதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அதன் பயன் போர்க்களத்தில் மட்டுமன்றி அரசியலிலும் விளைந்தது. 1919இல் வேர்சேய் உடன்படிக்கையிற் கனடாவின் பிரதிநிதிகள் தம் நாட்டின் பெயரால் ஒப்பமிட்டனர். அதற்கு முன்னர்க் கனடாவின் சார்பில் இலண்டனே ஒப்பமிடுவது வழக்கம்.

இரண்டாம் மகாயுத்தத்தின் கீழைத்தேசப் பகுதியில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. 1939 டிசம்பர் 17ஆம் நாள் பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசீலாந்து என்னும் நான்கு அரசுகளும் விமானிகளைப் பயிற்றுவதற்கு ஒரு திட்டத்தை வகுத்தன. பகைவிமானம் எட்டாத கனடாவின் அகன்ற சமவெளிகளிற் பயிற்சி நிலையங்கள் எழுந்தன. யுத்தம் முடிவதற்குள் அங்குப் பயிற்சி முடித்தோர் 1,30,000 பேருக்கு மேல். அவர்களிற் பாதிக்கு மேற்பட்டோர் கனடியர். இத்துணைப் பேரையும் கனடியப் பெயர் தாங்கிய விமான அணிகளில் அமர்த்த இயலவில்லை. ஆகவே பெரும்பாலோர் பிரித்தானிய றோயல் விமானப்படையின் அணிகளுக்கு, எங்கு ஆள் தேவையோ அங்கு, ஒருவரிருவராக அனுப்பப்பட்டனர். ஒரே விமானத்தில் ஓட்டுநர் சஸ்காச்சுவான் மாகாணத்தவன், வழிகாட்டி ஸ்கொத்லாந்தினன், கம்பியில்லாத் தந்தியாளன் அவுஸ்திரேலியன் என்று அமைவது வழமையாயிற்று. தோளிற் "கனடா" என்ற பட்டி ஒன்றே அவன் எந்நாட்டவன் என்பதைக் காட்டியது. றேடார்க் கருவிகளைப் பராமரித்த தொழில்நுட்பவியலாளரும் இவ்வாறே ஆயிரக்கணக்கிற் கடனாக வழங்கப்பட்டனர். யப்பானியருக்கு எதிராகக் கனடியத் தரைப்படை ஒரு படையாகத் திரண்டு பொருதது ஹொங்கொங்கில் மட்டுமே. 1,975 பேர் கொண்ட அப்படை 1941 நத்தார் தினத்தன்று நகரோடு சேர்ந்து சரணடைந்தது.

இலங்கை வரலாற்றைப் படித்தோர் கனடியர் என்றவுடன் நினைவுகூருவது லெனாட் பேர்ச்சல் என்னும் விமானியை. அவர் சேர்ந்திருந்த 413ஆம் அணி கனடியப் பெயர் தாங்கிய சிலவற்றுள் ஒன்று. காலிக்குக் கிழக்கேயுள்ள கொக்கலக் களப்பிலிருந்து கற்றலீனாக் கடல்விமானங்களை அது செலுத்தியது. 1942 ஏப்பிரில் 4ஆம் நாள் விடியுமுன் புறப்பட்ட பேர்ச்சல், மாலையில் இலங்கைக்குத் தெற்கே ஏறத்தாழ 350 மைல் தொலைவில் அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களைக் கண்டார். செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கையிலேயே அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஒன்பதின்மரில் மூவர் மாண்டனர். எஞ்சிய அறுவரும் யப்பானியரிடம் சிறைப்பட்டனர். மறுநாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு தாக்கப்பட்டது. 9ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது. 'ஹேமீஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது.

பேர்ச்சலை "இலங்கையின் இரட்சகர்" என அழைத்தல் மரபாகிவிட்டது. அவருடைய துணிவில் ஐயமில்லை. ஆயினும் வரலாற்றாசிரியன் இப்பட்டத்தைச் சற்று நிறுத்துப் பார்த்தல் வேண்டும். யப்பானியர் தாக்க வருகின்றனர் என்பதைச் சங்கேதச் செய்திகளை உடைத்தறிந்து பிரித்தானியர் முன்னரே எதிர்பார்த்திருந்தனர். பேர்ச்சல் தெரிவித்தது எப்போது, எங்கிருந்து என்பதை. நகுமோவிடம் தரையிறங்கும் படை எதுவும் இருக்கவில்லை. எனவே இலங்கை கைப்பற்றப்படாமைக்கு அவ்வொரு செய்தியே காரணம் என்பது மிகைக்கூற்று. இம்மிகைக்கூற்றால் விளைந்த தீங்கு யாதெனில், கீழைத்தேசத்திற் கனடியர் செய்ததெல்லாம் அவ்வொரு மாலைப் பொழுதிலேயே அடங்கிவிட்டதுபோல் ஒரு மயக்கம் ஏற்பட்டதாகும். பேர்ச்சல் சிறைப்பட்ட பின்னரும் யுத்தம் மூன்றாண்டு நான்கு மாதம் நீடித்தது. அதன் பெரும்பகுதி தீச்சுவாலையின்றி, நீண்ட பறப்பாகவும், காவலாகவும், காத்திருப்பாகவும் கழிந்தது.

இக்காத்திருப்பின் இடங்களுள் ஒன்றுதான் வவுனியா. 1942இன் தாக்குதல்களுக்குப் பின்னர்க் கரையோரத் தளங்கள் மட்டும் போதா என்பது தெளிவாயிற்று. பகைவரின் கப்பல்களிலிருந்து எழும் விமானங்கள் எளிதில் அணுகாதவாறு உள்நாட்டில், காட்டின் மறைவில், தளங்கள் வேண்டியிருந்தன. சிகிரியா, மின்னேரியா, தம்புள்ளை, வவுனியா என்பன இவ்வாறே தெரிவாயின. வவுனியாவுக்கு இரு வசதிகள் இருந்தன. கொழும்பையும் காங்கேசன்துறையையும் இணைக்கும் இருப்புப்பாதை 1905இலேயே அதனூடு சென்றுவிட்டது; கண்டி–யாழ்ப்பாணப் பெருந்தெருவும் அதனூடே சென்றது. திருகோணமலைத் துறைமுகத்திற்குக் காவல் புரியவும் அது தூரமன்று. பாலையும் வீரையும் முதிரையும் வெட்டி வீழ்த்தப்பட்டன, நிலம் சமப்படுத்தப்பட்டது. ஆகாயத்திலிருந்து நோக்கிய விமானிக்கு வன்னி என்பது பசுங்காட்டினிடையே வளைந்த கட்டுகளோடு கிடக்கும் குளங்களின் நாடு. பண்டை மன்னர் வெட்டுவித்த அவ்வளைகோடுகளுக்கு நடுவே, நேராகக் கிடந்த ஒரேயொரு கோடு இப்புதிய ஓடுபாதை.

வவுனியாவில் 22ஆம், 217ஆம் அணிகள் தொர்ப்பீடோ வீசும் போபோட் விமானங்களோடு தங்கின. 89ஆம் அணி இராக்காலக் காவலுக்குரிய போபைற்றர்களோடு வந்தது. யாவும் பிரித்தானிய அணிகளே. ஆனால் ஆட்கள் பிரித்தானியர் மட்டுமல்லர். மேற்சொன்ன பயிற்சித் திட்டத்தின் வழியே வந்த கனடியர், அவுஸ்திரேலியர், நியூசீலாந்தினர் ஆகியோரும் அவற்றிற் கலந்திருந்தனர். யப்பானியப் பெருங்கப்பற்படை மீண்டும் வங்காள விரிகுடாவினுள் வருமாயின் அதனைத் தாக்குவது போபோட்களின் கடமை. அது வரவில்லை. கப்பற் கூட்டங்களுக்கு வழித்துணையாகவும், நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடியும் பறப்பதே அன்றாடத் தொழிலாயிற்று. அத்தொழிலின் பயன் எளிதிற் கண்ணுக்குப் புலப்படாது. தாக்கப்படாத கப்பல் செய்தியாவதில்லை.

அக்காலத்து வன்னி மக்களின் நிலையையும் ஈண்டுக் குறித்தல் தகும். 1942இல் பர்மா வீழ்ந்தபோது இலங்கைக்கு வந்த அரிசியின் பெரும்பகுதி நின்றது. கூப்பன் முறை வந்தது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மாவும் வேறு தானியமும் உண்ணப் பழக நேர்ந்தது. யாழ்ப்பாணத்தவர் காய்ச்சலுக்கு அஞ்சி ஒதுங்கியிருந்த வன்னி வயல்கள் திடீரென மதிப்புப் பெற்றன. இரணைமடுக் குளத்தின் கீழ்க் கிளிநொச்சியிலும், பரந்தனிலும் முன்னரே தொடங்கியிருந்த குடியேற்றங்கள் உணவுப் பிரச்சினையின் ஒரு விடையாயின. ஆகவே பர்மா யுத்தம் வன்னி விவசாயிக்குத் தூரத்துச் செய்தியன்று. இரங்கூன் மீட்கப்படுமா என்பது அவன் வீட்டு உலைநீரோடு சம்பந்தப்பட்ட வினா.

1944 ஏப்பிரில் மாதம் தென்கிழக்காசிய நேசப்படைகளின் தளபதி மௌன்ட்பேற்றன் பிரபு தமது தலைமையகத்தை டில்லியிலிருந்து பேராதனைக்கு மாற்றினார். அதன்பின் இலங்கைத் தளங்களின் தன்மை மாறியது. காவல் நிலையங்களாயிருந்தவை தாக்குதலுக்குப் புறப்படும் படிக்கட்டுகளாயின. வவுனியாவிலிருந்த 22ஆம் அணி அவ்வாண்டின் நடுவில் போபைற்றர் விமானங்களைப் பெற்று, ஆண்டிறுதியிற் பர்மா முனைக்குச் சென்று, யப்பானியருக்கு உணவும் வெடிமருந்தும் சுமந்த ஆற்றுப் படகுகளையும் புகையிரதங்களையும் தாக்கியது. வன்னிக் காட்டில் இருபது மாதம் பொறுமை பயின்றோர் ஈற்றிற் கண்ட போர் அது.

வடபாலுள்ள இன்னொரு தளத்தை நாம் மறத்தலாகாது. இன்று பலாலி என வழங்கும் விமானநிலையம் அன்று காங்கேசன்துறைத் தளம் எனப் பெயர்பெற்றிருந்தது. நான்கு இயந்திரங்கள் கொண்ட லிபரேற்றர் விமானங்களைச் செலுத்திய 160ஆம் அணி 1944 ஆகஸ்டிற் சிகிரியாவிலிருந்து அங்கு வந்து, பின்னர் மின்னேரியாவுக்கும் சென்றது. அவ்வணியிற் கனடியர் தொகை மிகுதி. சுமாத்திராவின் கரையைப் படம்பிடித்தலும், மலாயாத் துறைமுக வாயில்களிற் கடற்கண்ணி இடுதலும் அவர்கள் பணி. 1945 மார்ச் மாதத்தில் மின்னேரியாவிலிருந்து சிங்கப்பூருக்குச் சென்று கண்ணியிட்டு மீண்ட பறப்பு, போக்குவரத்து 3,000 மைலுக்கு மேல். இருபது மணி நேரத்துக்கும் அதிகமாக இடையில் எங்கும் இறங்காமற் பறந்தனர். ஓர் இயந்திரம் பழுதாயினும் கீழே கடலன்றி வேறில்லை. எரிபொருளுக்கு இடமளிக்கும் பொருட்டு விமானத்திலிருந்த பாரத்தையெல்லாம் குறைத்தனர். புயலைக் கண்டு சுற்றிச் செல்ல நேர்ந்தால், மீள்வதற்குரிய எண்ணெய் போதுமோ என்பதே பெருங்கவலை.

மலாயா என்னும் பெயர் அக்காலத்து வடமாகாண இல்லங்களில் உண்டாக்கிய உணர்ச்சியை இக்காலத்து மாணவர் அறிதல் அரிது. மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் யாழ்ப்பாணத்தவர் பெருந்தொகையாகக் கடமையாற்றினர். 1942 பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தபின் தபால் நின்றது. காசுக் கட்டளை நின்றது. மகன் இருக்கின்றானா இல்லையா என்பதறியாத தாய்மார் மூன்றரை ஆண்டு காத்திருந்தனர். தோட்டங்களிலிருந்த தமிழகத் தொழிலாளர் நிலை இன்னுங் கொடிது. சீயம்–பர்மா மரண இருப்புப்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டுப் பல்லாயிரவர் மாண்டனர். அச்செய்தி எதுவும் அப்போது இங்கு எட்டவில்லை. காங்கேசன்துறையிலிருந்து மாலையில் எழும்பிக் கிழக்கே மறைந்த அவ்விமானங்களின் ஓசையைக் கேட்டவர்கள், அவை எங்குச் செல்கின்றன என்பதை அறிந்திருக்க முடியாது. செல்லும் திசை தம் பிள்ளைகள் அகப்பட்டிருந்த நாட்டின் திசை.

இனிப் பர்மாவுக்குச் செல்வோம். ஏனெனிற் கனடியர் தம் சொந்தப் பெயரோடு இறுதிக் கட்டத்திற் பங்குகொண்டது அங்கேதான். 435ஆம், 436ஆம் அணிகள் 1944இன் பிற்பகுதியிற் பஞ்சாப்பின் குஜ்ராத் நகரில் அமைக்கப்பட்டன. அவற்றின் விமானம் டக்கோட்டா, அதற்குப் பீரங்கியில்லை. 435ஆவது 1944 டிசம்பரிலும், 436ஆவது 1945 ஜனவரியிலும் இம்பால் சமவெளியிலிருந்து தொழிலைத் தொடங்கின. ஜெனரல் ஸ்லிம்மின் பதினான்காம் சேனை ஐராவதி நதியைக் கடந்து, மார்ச் மாதத்தில் மெய்க்தீலாவையும் மண்டலேயையும் கைக்கொண்டு, மே 3ஆம் நாள் இரங்கூன் மீட்கப்படும் வரை, அதற்குத் தெருவில்லை; இருந்த தெருவும் மழையிற் கரைந்தது. அரிசி, மா, ஆட்டுக்கறித் தகரம், துப்பாக்கி ரவை, பெற்றோல், கோவேறு கழுதைக்குத் தீன் ஆகிய யாவும் ஆகாயத்திலிருந்தே வந்தன. மலைகளுக்கிடையே நூற்றுக்கணக்கான அடி உயரத்திற்குத் தாழ்ந்து, ஒரே இடத்தை எட்டுப் பத்து முறை வட்டமிட்டு, திறந்த கதவு வழியே மூட்டைகளைக் காலால் உதைத்துத் தள்ளுவர். திரும்பும்போது காயமுற்றோரை ஏற்றிவருவர். 1945 ஜனவரி 12ஆம் நாள் சுவேபோவின் அருகே பொதிகளை இறக்கிக்கொண்டிருந்த 435ஆம் அணியின் விமானங்களை யப்பானியச் சண்டை விமானங்கள் தாக்கி இரண்டை வீழ்த்தின.

பட்டாளங்களின் வீரத்தைப் பாடும் நூல்கள் இப்பண்டம் சுமக்கும் தொழிலை ஓரிரு வரியில் முடித்துவிடும். இறுதிக் கட்டம் என்பது பெரும்பாலும் வழங்கலின் கட்டம் என்பதே எமது துணிபு. 1944இல் இம்பாலை முற்றுகையிட்ட யப்பானியச் சேனை வீரத்திற் குறைந்ததன்று. அது பட்டினியால் அழிந்தது. எதிர்ப்பக்கத்தில் நின்ற சேனை உண்டது. அவ்வுணவை அடுத்த ஆண்டிற் சுமந்தோரிற் கனடியரும் அடங்குவர்.

இவ்விடத்தில் நேர்மை கருதி ஒன்றைக் கூறாதிருத்தல் இயலாது. அதே பர்மாக் களத்தில், யப்பானியர் பக்கத்தில், நேதாஜி சுபாஷ் சந்திரபோசின் இந்திய தேசிய இராணுவமும் நின்றது. மலாயாத் தோட்டங்களிலிருந்து அதிற் சேர்ந்த தமிழ் இளைஞர் தொகை பெரிது. மகளிர்க்கென ஜான்சி ராணிப் படையும் இருந்தது. பதினான்காம் சேனையிலோ மதராசிலிருந்து சென்ற தமிழர் வேலை செய்தனர். ஆக, தமிழர் இருபக்கமும் இருந்தனர். கனடிய டக்கோட்டாவின் அரிசி மூட்டை ஒரு தமிழனுக்கு வாழ்வாகவும், மற்றொரு தமிழனுக்குத் தோல்வியாகவும் விழுந்தது. எது விடுதலை யுத்தம் என்னும் வினாவுக்கு இரங்கூனில் ஒரு விடையும், கோலாலம்பூரில் ஒரு விடையும், யாழ்ப்பாணத்தில் வேறொரு விடையும் அன்று இருந்தன.

கடற்படையைப் பற்றி விரிவாகக் கூற இடமில்லை. 1944 நவம்பரில் திருகோணமலையில் உருவாக்கப்பட்ட பிரித்தானியப் பசிபிக் கப்பற்படையிற் கனடாவின் 'யுகண்டா' என்னும் போர்க்கப்பல் பின்னர்ச் சேர்ந்தது. பசிபிக் யுத்தத்திற்குத் தாமாக முன்வருவோரை மட்டுமே அனுப்புவது என ஒட்டாவா அரசு தீர்மானித்தபடியால், 1945 மே மாதத்தில் அக்கப்பல் மாலுமிகளிடம் வாக்கெடுக்கப்பட்டது. 907 பேரில் 605 பேர் மறுத்தனர். யுத்தம் நடக்கையிலேயே வாக்களித்து வீடு திரும்பிய போர்க்கப்பல் வேறுண்டோ என்பது ஐயமே. அதே படையில் 'போமிடபிள்' கப்பலிலிருந்து பறந்த ஹம்ப்டன் கிறே என்னும் கனடியரோ 1945 ஆகஸ்ட் 9ஆம் நாள், நாகசாகியில் அணுகுண்டு விழுந்த அதே நாளில், ஒனகாவாக் குடாவிற் பகைக்கப்பலை மூழ்கடித்துத் தாமும் மாண்டார். அவருக்கு விக்டோறியாச் சிலுவை வழங்கப்பட்டது. யப்பானியர் அவருக்கு அங்கேயே 1989இல் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினர். யுத்தத்தின் கடைசி வாரத்தில் உயிரை விட்டவனையும், வீடு செல்ல வாக்களித்தவனையும் ஒரே தேசம் பெற்றெடுத்தது. இருவரையும் குறை கூறுதற்கு நாம் யார்?

கனடியரிற் சிலர்க்கு வாக்களிக்கும் உரிமையே இருக்கவில்லை. பிரித்தானியக் கொலம்பியா மாகாணத்துச் சீன வமிசத்தவர் அங்கேயே பிறந்தவராயினும் வாக்காளரல்லர். 1923ஆம் ஆண்டுச் சட்டத்தாற் சீனர் குடிவருதலும் அடைக்கப்பட்டிருந்தது. படையிற் சேர்த்தால் நாளை வாக்குரிமை கேட்பர் என்று அஞ்சி, அரசியல்வாதிகள் அவர்களைப் படையிற் சேர்ப்பதற்கே தயங்கினர். உரிமை தராத நாட்டுக்காக ஏன் போர் புரிதல் வேண்டும் என்று சீனச் சமூகத்தில் ஒரு சாரார் வாதிட்டனர்; போர் புரிந்தாற்றான் உரிமை கேட்க வாய் இருக்கும் என்றனர் மற்றோர். 1944இல் யப்பானியர் வசமிருந்த நாடுகளில் இரகசிய வேலை செய்யச் சீன முகமும் சீன மொழியும் தேவைப்பட்டபோது, பிரித்தானியாவின் கேள்விப்படி ஏறத்தாழ 150 பேர் தெரிந்தெடுக்கப்பட்டனர். இந்தியாவிற் காட்டுப்போர், வெடிவைத்தல், பரசூட்டிற் குதித்தல் ஆகியன பயின்றனர். அவர்கள் சேர்ந்த 136ஆம் படை என்னும் இரகசிய அமைப்பின் தலைமையகம் யுத்தத்தின் இறுதிக் காலத்திற் கண்டியில் இருந்தது. 1945இல் மலாயாவுக்குச் சென்றோர் அங்குள்ள கெரில்லாக்களோடு சேர்ந்தனர். இலங்கைத் தளங்களிலிருந்து இரவிற் பறந்த லிபரேற்றர்களே அக்காடுகளுக்கு ஆட்களையும் ஆயுதங்களையும் இறக்கின. ஆகஸ்ட் 15ஆம் நாள் யப்பான் பணிந்தபோது, பிரித்தானியப் படை வந்து சேருமுன், ஊர்களில் ஒழுங்கைக் காப்பதும், சிறைமுகாம்களுக்கு உதவி சேர்ப்பதும் இவர்கள் கடமையாயிற்று.

இவர்களும் கறியின் சேனையைப் போல ஒரு பெயரின் கீழ் அணிவகுத்தோரல்லர். ஐவர் அறுவராகச் சிதறிப் பொருதோர். எனினும் ஊர் திரும்பியபின் தம் சீருடையையும் சேவைப் பத்திரத்தையும் காட்டி வாதாடினர். 1947இல் 1923ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது. பிரித்தானியக் கொலம்பியாவிற் சீனர்க்கும் இந்தியர்க்கும் வாக்குரிமை கிட்டியது. கனடியப் பிரசை என்னும் சட்ட நிலையே அவ்வாண்டு ஜனவரி முதலாந் திகதிதான் பிறந்தது. அடுத்த ஆண்டு, 1948இல், இலங்கையிற் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. யுத்தகாலம் முழுவதும் நேசநாடுகளுக்குத் தேயிலையும் இறப்பரும் ஈட்டிக் கொடுத்த மலையகத் தமிழரின் பெரும்பகுதியினர் நாடற்றோராயினர். 1949இல் வாக்கும் போயிற்று. அவர்களின் வழித்தோன்றல்களிற் பலர் 1977க்குப் பின்னர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்து குடியேறினர். எஞ்சியோர்க்கான பிரசாவுரிமைச் சட்டம் 2003இல்தான் வந்தது. யுத்தத்தில் உழைத்தோர்க்கு ஒரு நாடு கதவைத் திறந்த ஆண்டையும், மற்றொரு நாடு கதவை அடைத்த ஆண்டையும் பன்னிரண்டு மாதமே பிரிக்கின்றன.

1945 செப்டெம்பர் 2ஆம் நாள் தோக்கியோக் குடாவில் 'மிசூரி' கப்பலிற் சரணாகதிப் பத்திரம் கைச்சாத்தாயிற்று. கனடாவின் சார்பில் ஒப்பமிட்டவர் கேணல் லோறன்ஸ் கொஸ்கிறேவ். முதலாம் மகாயுத்தத்திற் பீரங்கிப்படையிற் சேவித்தவர். யப்பானியருக்குரிய பிரதியில் அவர் தமக்குரிய கோட்டை விட்டுப் பிரான்சுக்குரிய கோட்டில் ஒப்பமிட்டுவிட்டார். பின்வந்தோர் ஒவ்வொருவரும் ஒரு கோடு கீழே தள்ளப்பட்டனர். நாட்டுப் பெயர்களைப் பேனாவால் வெட்டி மேலே எழுதித் திருத்த நேர்ந்தது. யுத்தம் முழுவதும் பிறருடைய அணிகளிற் பெயர் எழுதப்பட்ட கனடியருக்கு, முடிவிலும் இடம் மாறியே எழுதப்பட்டது.

பேர்ச்சல் அவ்வேளை யப்பானிலேயே இருந்தார். அதே ஆகஸ்ட் மாதக் கடைசியில் விடுதலையானார். சிறைமுகாமில் நோயாளிகளை வேலைக்கு இழுத்துச் செல்வதை எதிர்த்து, கைதிகளைக் கொண்டு வேலைநிறுத்தம் செய்வித்து, அதற்காக அடியும் தனிச்சிறையும் ஏற்றார். இரகசியமாக எழுதி மறைத்துவைத்த அவருடைய நாட்குறிப்புகள் பின்னர் யுத்தக்குற்ற விசாரணைகளிற் சான்றாயின. கொக்கலவில் அவர் செய்ததிலும் இதுவே பெரிது என்று கொள்வோரும் உளர், இக்கட்டுரையாளரும் அக்கட்சியினரே. அவர் 2004இற் காலமானார்.

அவருடைய விமானத்தில் மாண்ட மூவரின் பெயர்களும் சிங்கப்பூரின் கிறாஞ்சி மயானத்து நினைவுச் சுவரில் உள்ளன. 1957 மார்ச்சில் திறந்துவைக்கப்பட்ட அச்சுவரில், புதைகுழி அறியப்படாத 24,000க்கு மேற்பட்டோர் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. காங்கேசன்துறையிலும் மின்னேரியாவிலும் இருந்து எழும்பி மீளாத விமானிகளும் அவர்களுள் அடங்குவர். வவுனியாவில் அவ்வாறான கல்லெதுவும் நாட்டப்படவில்லை. அங்குள்ள ஓடுபாதை இலங்கை விமானப்படையின் கைக்குச் சென்று, உள்நாட்டு யுத்தத்தில் மீண்டும் படைத்தளமாயிற்று.